பெயர் இல்லாத கணக்கு

நவம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு காலை, சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடத்தில் நினைவேந்தல் நடக்கும். 1918 நவம்பர் 11-இல் முதல் உலகப் போர் ஓய்ந்ததையொட்டி வந்த வழக்கம் அது. இரண்டு நிமிட மௌனம், பிறகு மலர்வளையம். அங்குள்ள சுவர்களில், இரண்டாம் உலகப் போரில் மாண்டு கல்லறைகூட இல்லாமல் போன 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த நம்மவர்கள் பெயரும் அவற்றில் உண்டு. நம் தேனி மாவட்டத்து அல்லிநகரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்கள், இது வெள்ளைக்காரர் சடங்கு என்று ஒதுங்க வேண்டியதில்லை.

கல்லில் பெயர் வெட்டும் பழக்கம் நம் மண்ணில் அதைவிட மிகப் பழையது. 2006-இல் ஆண்டிபட்டி வட்டாரத்தில், வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்து. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில் விழுந்த பேடு ஊர்த் தீயன் அந்தவனுக்கு நட்ட கல். அது நம் கம்பத்தை அடுத்த கூடலூராக இருக்கலாம். மாடு கவர்ந்த சண்டையில் செத்தவனுக்குக்கூட அவன் பெயரையும் ஊரையும் செத்த இடத்தையும் எழுதி வைத்த மண் இது.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு நம் ஊர்களில் பதித்த பலகைக் கற்களைப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எண்ணிக்கை இருக்கும். ஒரு பெயர் இருக்காது. எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாகச் சேர்ந்த படை. 1944-இல் இம்பால் போரில் குண்டுக்கும் பசிக்கும் நோய்க்கும் பலியான படை. மாண்டவர்களுக்காகச் சிங்கப்பூர் கடற்கரையில் 1945 ஜூலை 8-இல் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் சில வாரங்களிலேயே இடித்துத் தள்ளினார்கள். 1995-இல் சிங்கப்பூர் அரசு அங்கே அடையாளப் பலகை வைத்தது. கிராஞ்சிக்குப் போகிற நம் பிள்ளைகள் அங்கும் ஒரு மாலை வைக்க வேண்டும். எந்தக் கொடியின் கீழ் செத்தார்கள் என்ற வழக்கு அவர்கள் பெயரைச் சொல்வதற்குத் தடையாகாது.

இங்கே நாம் செய்ய வேண்டியது பட்டியல். டிசம்பர் 7 கொடிநாள் பெரும்பாலும் நிதி வசூலோடு முடிந்துவிடுகிறது. அன்று அல்லிநகரத்தில் தேனி மாவட்டத்து வீரர்களின் பெயர்களை உரக்க வாசிக்கலாம். 1962, 1965, 1971, கார்கில் போர்களில் மாண்டவர்கள் விவரம் ராணுவத்திடம் இருக்கும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கேட்டுப் பெறலாம். உலகப் போர்களில் மாண்டவர்களுக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும்கூட உண்டு. ஆனால் தேனி என்று மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. அன்று இது மதுரை மாவட்டத்துப் பெரியகுளம் தாலுகா. ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர்கள் சிதைந்தும் இருக்கும். கல்லூரி மாணவர்களோடு உள்ளூர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தால்தான் எது எந்த ஊர் என்று பிடிபடும்.