சாரதிகளும் மதுப் பரீக்ஷையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. செம்மநத்தம் முதலிய சேர்வராயன் மலைக் கிராமத்து ஜனங்கள் மலைப்பாதையில் இறங்கும்போதெல்லாம் சாரதியின் கையில் உயிரை ஒப்புவித்தே இறங்குகின்றனர். ஆகையால், பஸ்ஸாயினும் மாநகராட்சி லாரியாயினும், ஓட்டுவோரை வேலைக்கு முன் மதுப் பரீக்ஷை செய்வதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1937-ல் முதன்முதல் மதுவிலக்கை ஏற்ற ஜில்லாவன்றோ சேலம்!

நமது ஆக்ஷேபமெல்லாம் முறையைப் பற்றியது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பதே குற்றம். ஊதும் கருவியோ மூச்சைக் கொண்டு ரத்தத்தைக் கணக்கிடுகிறது. மது கலந்த இருமல் மருந்து வாயில் தங்கியிருந்தாலும் முள் ஏறும். 15 நிமிஷம் பொறுத்து மறுபடி ஊதினால் அது அடங்கும். அப்படியிருக்க, ஒரே ஊதலைக் கொண்டு ஏழைத் தொழிலாளியின் சோற்றில் மண் போடுவது என்ன நியாயம்? வாய் நாற்றமும் தள்ளாட்டமும் மட்டும் குடியை ருசுப்படுத்தா என்று 1971-லேயே பச்சுபாய் கர்யானி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. கஞ்சா விஷயம் இன்னும் சிக்கலானது. சிறுநீரில் தெரிவது சென்ற வாரத்துப் புகையாகவும் இருக்கலாம். இன்றைய மயக்கத்தை அது காட்டாது.

இரண்டாம் ஊதலும், முடிவின் நகலும், சாரதி மறுத்தால் டாக்டர் எடுக்கும் ரத்தப் பரீக்ஷையும் விதியாக வேண்டும். கமிஷனரின் காரோட்டியும் அதே குழாயில் ஊதட்டும்.