98 வெள்ளிக்கு எத்தனை ஆட்டம்?

காற்பந்துப் பருவம் தொடங்கும்போதெல்லாம் தேக்காவில் என்னோடு தேநீர் குடிக்கும் நண்பர்கள் கேட்பார்கள்: "தொலைக்காட்சிச் சந்தா வாங்கலாமா?"

2022 உலகக் கிண்ணத்தின்போது எனக்கும் இதே குழப்பம். 64 ஆட்டங்களுக்குச் சலுகை விலை 98 வெள்ளி. ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை வெள்ளிதான். ஆனால், அரையிறுதி, இறுதி உட்பட 9 ஆட்டங்களை மீடியாகார்ப் இலவசமாகவே காட்டியது. காலை நிகழ்ச்சி நடத்தும் நான் அதிகாலை 3 மணி ஆட்டங்களையா பார்க்கப்போகிறேன்? எண்ணிப் பார்த்தால் கூடுதலாகப் பத்து ஆட்டம்தான் தேறும். அப்படியானால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 10 வெள்ளி! வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கணக்கில் அப்பாவைச் சேர்க்க மறந்துவிட்டேன். அம்மா காலமான பிறகு அவருக்கு இரவில் தூக்கமே இல்லை. கடைசியில் அவருக்காக வாங்கினேன். நான் வானொலி நிலையத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அந்த 3 மணி ஆட்டம் முடியும். தேநீரை நீட்டியபடியே யார் கோல் போட்டார், நடுவர் எங்கே சொதப்பினார் என்று சொல்வார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசினார்.

விலையை மொத்த ஆட்டங்களால் வகுக்காதீர்கள்; உண்மையில் பார்க்கப்போகும் ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள். வீட்டில் விழித்திருப்பவர் பார்க்கும் ஆட்டங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.