ஒப்பித்தது போதும், எழுதட்டும் பிள்ளைகள்

வெளிமாநிலத்தில் நம்மவர்கள் நடத்தும் ஆண்டு விழாக்களில் தவறாமல் இடம் பெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஐந்தாறு குழந்தைகள் மேடையேறித் திருக்குறளையோ பாரதியார் பாடலையோ மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நாமும் கை தட்டி, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகக் கொடுத்து அனுப்பி வைப்போம். அதன் பிறகு பெரியவர்கள் மைக்கைப் பிடித்தால் இரவு பத்து மணிக்குக் குறைந்து விடமாட்டார்கள். அந்தக் குழந்தை தானாக நினைத்து எழுதிய நாலு வரியை மேடையில் படிக்கச் சொன்ன சங்கங்கள் எத்தனை? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மட்டாஞ்சேரியிலும் போர்ட் கொச்சியிலும் தமிழர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். வெளி பகுதியில் உள்ள டோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருபவர்கள் தமிழ் வண்ணார் குடும்பத்தார். மிளகு, சுக்கு வியாபாரம் நடக்கும் பஜார் தெருவிலும், கடைகளிலும், அலுவலகங்களிலும் நம்மவர்கள் உழைக்கிறார்கள். இவர்களுடைய பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில். வீட்டில் பேச்சு மட்டும் தமிழ். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் நீட்டிவிடுகிறார்கள். நாக்கில் தமிழ் இருக்கிறது, கையில் இல்லை. இன்னும் ஒரு தலைமுறை இப்படியே போனால் நாக்கிலும் இராது.

இதில் வேதனையான ஒரு பொருத்தம் உண்டு. தமிழ் எழுத்து முதன் முதலாக அச்சேறிய ஊர்களில் இந்தக் கொச்சியும் ஒன்று. போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றீக்கே அன்றீக்கஸ் தமிழில் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-ம் ஆண்டு கொல்லத்தில் அச்சாயிற்று. அது பதினாறே பக்கம். மறு ஆண்டே, 1579-ல், ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சாயிற்று. நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழுக்கு அச்சு கண்ட ஊரில், இன்று ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயரை அச்சில் காண்பது அரிதாக இருக்கிறது.

“பிழைப்புக்கு மலையாளமும் ஆங்கிலமும் போதுமே, தமிழில் எழுதி என்ன ஆகப் போகிறது?” என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலையாளத்தை விட்டுவிடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒன்றைப் படித்தால் மற்றொன்று போய்விடும் என்பது தவறான கணக்கு. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்துப் பிழைத்தவர் ஆ. மாதவன். பள்ளியில் அவர் படித்தது மலையாளம். தமிழைத் தம் முயற்சியால் கற்று, தாம் அன்றாடம் பார்த்த கடைத்தெருவையே கதைகளாக எழுதினார். 2015-ம் ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு அவரைத் தேடி வந்தது. இளமையில் கோட்டயத்தில் வளர்ந்து மலையாளம் படித்த சுந்தர ராமசாமியும், பதினெட்டு வயதை ஒட்டித்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். அவர் கற்றிருந்த மலையாளம் வீண் போகவில்லை. தகழியின் ‘செம்மீன்’ அவர் கையால் தமிழுக்கு வந்தது.

எல்லாப் பிள்ளைகளும் எழுத்தாளராக வேண்டும் என்பதல்ல நம் வாதம். தன் அப்பா வெள்ளாவி வைப்பதை, தன் மாமா மூட்டை தூக்குவதை, விடுமுறைக்கு ஊருக்குப் போன ரயிலில் கண்டதை ஒரு பிள்ளை எழுதி, அதன் கீழே தன் பெயரையும் அச்சில் பார்க்குமானால், தன் வீட்டுப் பிழைப்பு சொல்லத் தகுந்தது என்ற எண்ணம் அதற்கு வரும். வகுப்பில் தகப்பனார் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய ஊட்டம் வேறு இல்லை.

இதற்கு முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை. கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020-ம் ஆண்டு, கேரளக் கல்வித் துறை ‘அட்சர விருட்சம்’ என்ற திட்டத்தில் மாணவர்களின் கதை, கவிதை, கட்டுரைகளைக் கேட்டு வாங்கியது. வந்து குவிந்தவை ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் தேர்ந்தவை நூல்களாகவும் வெளிவந்தன. தமிழ்நாட்டில் 2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் தொடங்கப்பட்டன. அவை அங்குள்ள பிள்ளைகளுக்கானவை. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு யார் இதழ் நடத்துவது? நாம்தான் நடத்த வேண்டும்.

செலவு பெரிதல்ல. ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம். மூன்று மாதத்துக்கு ஓர் இதழ். நூறு பிரதி ஜெராக்ஸ் எடுக்கச் சில நூறு ரூபாய் போதும். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும். பாட்டியோ அக்காவோ எழுதிக் கொடுக்கட்டும். மலையாள எழுத்தில் தமிழை எழுதிக் கொண்டு வந்தாலும் ஏற்றுக் கொண்டு, பக்கத்திலேயே தமிழ் எழுத்திலும் போடலாம். அடுத்த இதழுக்குள் பாதி எழுத்தை அது தானாகவே பழகிவிடும்.

பெரியவர்கள் காக்க வேண்டிய கட்டுப்பாடுகள் சில உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், ஆனால் பிள்ளையை அருகில் வைத்துக் கொண்டு திருத்த வேண்டும். கருத்தில் கை வைக்கக் கூடாது. ‘அம்மா அடித்தாள்’ என்று எழுதியிருந்தால், ‘அன்னையின் அருமை’ என்று மாற்றி எழுதித் தருவது உதவி ஆகாது, அது களவு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். எழுதிய எல்லோருக்கும் பெயரும் வகுப்பும் அச்சாகட்டும். தலைவர், செயலாளர் படங்களுக்கு அந்த நாலு பக்கத்தில் இடமில்லை. வெளியீட்டு நாளன்று எழுதிய பிள்ளையே மேடையில் நின்று தன் எழுத்தைப் படிக்கட்டும், பெரியவர்கள் கீழே உட்கார்ந்து கேட்கட்டும். ஆளுக்கு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத் தபாலில் போகட்டும். பேரன் தமிழில் எழுதியதைக் கிழவர் தெருவெல்லாம் காட்டுவார்.

“இதையெல்லாம் செய்ய நமக்குப் படிப்பும் நேரமும் ஏது?” என்று தயங்க வேண்டாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கி ஊழியர். அந்த உத்தியோகத்தைப் பார்த்துக் கொண்டேதான் 1950-ல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைய முன்னின்றார். நம்மிலும் கணக்கு எழுதுவோர், தட்டச்சு தெரிந்தோர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நாளும் கைவசம் இருக்கிறது. கேரள நூலக இயக்கத்தின் தந்தை பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19-ம் தேதியை இம்மாநிலம் வாசிப்பு நாளாகக் கொண்டாடி வருகிறது. அன்று நம் பிள்ளைகளின் முதல் இதழ் வெளிவரட்டும். அதில் ஒரு பிரதியைப் பக்கத்து வாசகசாலையில் கொடுத்து, பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். வாங்கி வைத்துக் கொள்ள மாட்டேன் என்று சொல்லும் வாசகசாலை கேரளத்தில் இருக்கும் என்று தோன்றவில்லை.