கேரளாவுக்குப் போனால்தான் கொள்ளையா?

புளியரை செக்போஸ்ட்டில் கல் லாரியை மறிக்கும் வீடியோ ஒன்று அடிக்கடி என் டைம்லைனில் வந்துவிடுகிறது. தலைப்பு ஒன்றுதான்: 'கனிமவளம் கேரளாவுக்குக் கடத்தல்.' கீழே நம்ம ஆட்கள், நல்ல நாவல் வாசிக்கிறவர்கள்தான், கொந்தளிக்கிறார்கள். சங்கரன்கோவில்காரனாகச் சொல்கிறேன்: இந்தக் கொந்தளிப்பால் குவாரிக்கு ஒரு கீறலும் விழாது. அதே லாரி மதுரைப் பக்கம் திரும்பினால் யாரும் போனை எடுக்க மாட்டோம்.

பாறைக்கு எல்லை தெரியாது. எங்கள் பக்கத்து சார்னோகைட்டும் நைஸும் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அச்சன்கோவில் வழியாகத் தென்கிழக்கே ஓடும் பெயர்ச்சிப் பட்டையின் மறுமுனையைப் புவியியலாளர்கள் மடகாஸ்கரில் தேடுகிறார்கள். அவ்வளவு ஏன், செக்போஸ்ட் நிற்கிற செங்கோட்டைச் சீமையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. நம்ம கல், அவன் கல் என்று எந்த வருஷக் கணக்கில் பிரிப்பது?

எல்லாம் நம்ம கையெழுத்தில்தான் நடக்கிறது. 1957 சுரங்கச் சட்டம் கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் எல்லாவற்றையும் 'சிறு கனிமம்' என்று ஒதுக்கி, விதி எழுதும் அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. (சங்கரநாராயணர் கோவிலில் நாம் நெற்றியில் பூசுகிற புற்றுமண்ணும் சட்டத்தின் கண்ணில் அந்த வகைதான் போல.) தமிழ்நாட்டின் விதிகள் 1959-இல் வந்தன. குத்தகை கொடுப்பதும் நடைச்சீட்டு கொடுப்பதும் சென்னையின் கீழ் இருக்கிற அலுவலகங்கள். லாரி எல்லைக்கு வருவதற்குள் கதை முடிந்துவிட்டது.

சென்னைக்குப் போனால் மட்டும் மலை பிழைக்குமா? சார்னோகைட் என்ற பெயரை 1893-இல் வைத்த தாமஸ் ஹாலந்து, கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து வைத்தார். அதே வகைப் பாறைதான் பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கமெல்லாம். அந்தக் குன்றுகளைத் தின்றது எந்த மலையாளியும் இல்லை, சென்னையே தின்றது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் கல்குவாரிக் குழிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்திகரித்து அந்த நகரம் குடித்தது. நானும் குடித்தேன்.

2022 மே 14 இரவு, நெல்லை அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் செத்தார்கள். முந்நூறு அடிக்கும் மேல் ஆழம். பக்கச் சுவரைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்கணும் என்பது பாலபாடம். படி வெட்டினால் கல் குறையும், நேராக இறக்கினால் லாபம். செத்தவர்கள் மேல் விழுந்த பாறை எந்த ஊருக்குப் போக இருந்தது என்று கேட்பீர்களா?

"அப்போ வீடே கட்டக் கூடாதா?" என்பார்கள். கட்டணும். நானும் எம்-சாண்ட் கலந்த கான்கிரீட் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு விலை என்பதுதான் என் சண்டை. 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்ததும் குவாரி, கிரஷர் முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாதாரணக் கல்லுக்கு டன்னுக்கு 60 ரூபாயாக இருந்த சீனியரேஜ் கட்டணத்தை அரசு 33 ஆகக் குறைத்தது. ஒரு டன் மலை, ரெண்டு டீ காசு. அன்றைக்கு நம்ம டைம்லைன் என்ன பேசியது என்று போய்ப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்தது கணக்குதான். 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி என்றால் மூன்று லட்சம் கன மீட்டர். இந்தப் பாறையின் அடர்த்தி சுமார் 2.7. ஆக, 8.1 லட்சம் டன். 33 ரூபாய் வீதம் அரசுக்கு வரவேண்டியது 2.67 கோடி. டிரோன் ஒரு நாள் பறந்தால் குழியின் அளவு வந்துவிடும். அந்தக் குவாரிக்குக் கொடுத்த நடைச்சீட்டுகளின் மொத்த டன்னைப் பக்கத்தில் எழுதி, குவாரி வாசலில் போர்டு வைக்கச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட பத்து ரூபாய். செக்போஸ்ட்டுக்குப் போகிற பெட்ரோல் செலவை விடக் கம்மி.