கத்திரியில் குளிர்ந்த மே: தென்காசிக்கு சாரல், திருவேங்கடத்துக்கு வெறும் காத்து... ஏன்?

2025 கத்திரி வெயிலில் வழக்கமான அனல் இல்லை. வானிலை ஆர்வலர்கள் ஊர் ஊராக வெப்பநிலையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். என்ன காரணம்?

சீக்கிரம் வந்த பருவமழை

ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மே 24-லேயே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு முன்கூட்டி வந்ததில்லை. 1901 முதல் உள்ள கணக்கில், நாட்டில் அதிக மழை பெய்த மே மாதமும் இதுதான்: சராசரி 126.7 மி.மீ.

ஒரே காத்து, மூணு ஊர்

மேற்குக் காற்று மலையேறும்போதே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியா மிச்ச ஈரம் தென்காசி, குற்றாலத்தில் சாரலாகும். சங்கரன்கோவில் தாண்டி கிழக்கே திருவேங்கடம் போனால், மேகமும் காத்தும்தான். சென்னைக்கோ நேர்மாறு. தரைவழியே உலர்ந்து வரும் அதே காற்று, கடல்காற்றைத் தாமதப்படுத்தி வெயிலை ஏத்திவிடும்.

விவசாயிக்கு என்ன?

உடம்புக்கு இதம்தான். ஆனா குளிர்ச்சி கிணற்றை நிரப்பாது. திருவேங்கடத்துக் கரிசல் காடு நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழையை. அதனால் வெப்பமானியை மட்டும் பார்த்தா போதாது, மழைமானியையும் பார்க்கணும்.