தாங்கியைக் கழற்றாமல் பம்பை மாற்றாதீர்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். பண்ணைத் தாம்போதியிலும், வேலணையைக் கடந்து புங்குடுதீவுக்குள் நுழையும் தாம்போதியிலும் இரண்டு பக்கமும் கடல்தான். ஒதுங்க நிழலில்லை, அருகில் கராச்சும் இல்லை. பழைய சொகுசுக் கார் ஒன்று இந்த வழியில் பழுதுபட்டால் அது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் பழுதுபடும். வேகம் பிடிக்கும்போது எஞ்சின் இழுக்கும், பிறகு மூச்சு வாங்கும், பிறகு நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே இயங்கும், நாலைந்து கிலோமீற்றரில் மறுபடி நிற்கும். கராச்சுக்குப் போனால் "பம் போட்டுது" என்று தீர்ப்பு வரும். பம்பு மாற்றப்படும், கார் சில மாதம் நன்றாக ஓடும், பிறகு புதிய பம்பும் கத்தத் தொடங்கும். இப்படி மாற்றப்படும் பம்புகளில் பெரும்பாலானவை வேறொன்றின் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுகின்றன என்பது என் வாதம். குற்றம் தாங்கியின் உள்ளே இருக்கிறது. தாங்கியைக் கழற்றிக் கழுவுவதும், அதன் அடியிலுள்ள வடியைப் புதிதாகப் போடுவதும், பம்பை மாற்றுவதும் ஒரே வேலை. அவற்றைப் பிரித்துப் பிரித்துச் செய்கிறவர் ஒவ்வொரு முறையும் முழுக் காசையும் கட்டுகிறார்.

இலங்கையில் இன்னும் ஓடும் பென்ஸ் டபிள்யூ124, டபிள்யூ126 கார்களை எடுத்துக்கொள்வோம். 1979 முதல் 1990களின் நடுப்பகுதி வரை வந்தவை இவை. பெற்றோல் வகைகள் பலவற்றில் போஷ் நிறுவனத்தின் இயந்திரவகை ஊசிமுறை இருக்கிறது. பழைய காபரேற்றர் காருக்கு ஒரு பாரில் கால்வாசி அழுத்தம் போதும்; இதற்கு ஐந்து பாருக்கு மேல் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தரும் மின்பம்பு காரின் அடியில், பின்சில்லுக்கு முன்னால், ஒரு பிளாஸ்ரிக் மூடிக்குள் தொங்குகிறது. பெரிய எஞ்சின் வகைகள் சிலவற்றில் இரண்டு பம்புகள் ஒன்றின் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. பம்பின் மோட்டாருக்குள்ளேயேதான் பெற்றோல் பாய்கிறது. அதைக் குளிர்விப்பதும் அதற்கு வழுக்கு எண்ணெயாக இருப்பதும் அந்தப் பெற்றோலே. தாங்கியின் அடியில் திருகப்பட்டிருக்கும் வடி கறளாலும் பிசினாலும் அடைபட்டால், பம்பு இழுக்கிறது, வர வேண்டிய அளவு வருவதில்லை. உறிஞ்சும் பக்கத்தில் குமிழி உண்டாகிறது. குளிர்விக்க ஆளில்லாத மோட்டார் சூடேறுகிறது, கத்துகிறது, தேய்கிறது. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் நின்றுபோகிறது. வலையில் ஒட்டியிருந்த கறள்தூள் தானாக உதிர்ந்து தாங்கியின் அடிக்கு விழுகிறது. பத்து நிமிடத்தின் பின் கார் மீண்டும் ஓடுவதன் காரணங்களில் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான். செத்த பம்பு பத்து நிமிடத்தில் உயிர்த்தெழுந்து, பிறகு அளந்தது போல அதே தூரம் ஓடுவது அரிது.

தீவகத்தில் இந்தக் கறள் மற்ற இடங்களைவிட விரைவாகச் சேர்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் உப்புக்காற்று ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் இரும்புக் கதவையே தின்கிறது. காரின் அடியைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் உப்பு வெளியிலிருந்து தின்பது. தாங்கியை உள்ளிருந்து தின்பது வெற்றிடம். பாதிக்கு மேல் வெறுமையான இரும்புத் தாங்கிக்குள் ஈரக்காற்று நிற்கிறது, இரவுக் குளிரில் அந்த ஈரம் சுவரில் நீராகிறது, நீர் பெற்றோலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தங்குகிறது, அங்கேதான் வடியும் இருக்கிறது. இனி 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் வந்தபோது ஒரு காருக்கு வாரம் 20 லீற்றர். டபிள்யூ126இன் தாங்கி 90 லீற்றர் கொள்ளும். நாடெங்கும் இத்தகைய தாங்கிகள் பல, மாதக்கணக்கில் கால்வாசிகூட நிரம்பாமல் நின்றன. அதற்கு முந்திய மாதங்களில் எரிபொருள் கிடைக்காமல் பல கார்கள் அசையவே இல்லை. 2023 செப்ரெம்பரில் அந்த முறை நீங்கியது. தாங்கிச் சுவரில் அப்போது பிடித்த கறள் நீங்கவில்லை, இன்று உதிர்ந்துகொண்டிருக்கிறது. தீவகத்தில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வீட்டுக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, கார் கொட்டிலில் நிற்கும். ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வந்தால் வெளியே எடுக்கப்படும். பதினொரு மாதம் நின்ற பெற்றோலில் ஆவியாகக் கூடியது ஆவியாகிவிட, எஞ்சியது பிசினாக வலையில் படிந்திருக்கும். கிணற்றில் சேறு நிற்க, தண்ணீர் மோட்டாரை மட்டும் புதிதாக வாங்கிப் பூட்ட யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டாரும் சம்மதிக்கமாட்டார். முதலில் கிணற்றை இறைப்பார்கள். காரில் மட்டும் சேற்றை விட்டுவிட்டு மோட்டாரை மாற்ற ஏன் சம்மதிக்கிறோம்?

இதற்கு நம் ஊரில் உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. அது வலுவானது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டியது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரத்து நின்றது. அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களில் நோயாளிகள் போனார்கள், பிரசவத்துக்குப் பெண்கள் போனார்கள், இடம்பெயர்ந்த தீவகத்தாரின் பொருட்களும் போயின. எதைக் குடித்தும் ஓடிய கார்களைக் கண்ட ஊருக்கு வடியைப் பற்றிப் பாடம் எடுப்பதா என்று ஒருவர் கேட்கலாம்.

கேட்கிறவர் அந்தக் கார்கள் ஏன் ஓடின என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் 1953 வரை விற்கப்பட்டது ஒரே தரமான, 70 ஒக்ரேன் அளவிலான மட்டமான பொதுப் பெற்றோல். 1947இல் வெளிவந்த ஏ40 அந்தப் பெற்றோலுக்கென்றே குறைந்த அமுக்கத்தோடு கட்டப்பட்டது. போரில் களைத்த ஒரு நாட்டின் மட்டமான எரிபொருளுக்காகச் செய்த எஞ்சின், நாற்பது ஆண்டு கழித்துப் போர் நடக்கும் இன்னொரு நிலத்தில் மண்ணெண்ணெயையும் பொறுத்துக்கொண்டது. அது மட்டுமா? ஏ40இன் பம்பு எஞ்சினோடு சேர்ந்த சாதாரண இயந்திரப் பம்பு. ஒரு திருகைக் கழற்றினால் மூடி வரும், உள்ளே கம்பிவலை இருக்கும், கையால் கழுவிப் போடலாம். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. மின்பம்பு எஞ்சின் அறையில் கண்ணுக்கு நேரே இருக்கும். அதன் வலையும் ஒரு திருகுக்குப் பின்னால்தான். உட்தோல் கிழிந்தால் உட்தோலை மட்டும் மாற்றலாம், தொடுமுனை கருகினால் உரசித் துப்புரவாக்கலாம். அன்றைய ஓட்டுநர் மண்ணெண்ணெயைத் துணியில் வடிக்காமல் ஊற்றியதில்லை. ஊற்றியவருக்கு நடுவழியில் அடுத்த போத்தல் கிடைக்காது என்று தெரியும். ஆக, அந்தக் காலம் என் வாதத்துக்கு எதிரான சாட்சி இல்லை. வடிப்பதில் அவ்வளவு கருத்தாக இருந்ததால்தான் ஓடின. அப்படி இருந்தும் எஞ்சின்கள் கரி பிடித்தன, அடியிலுள்ள எண்ணெய் மண்ணெண்ணெய் கலந்து நீர்த்தது. ஐந்து பார் அழுத்தத்தில், மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அகலமான கீறல்கள் வழியே எரிபொருளை அளந்து கொடுக்கும் பென்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஏ40 ஒரு கறள்துகளை மென்று விழுங்கும். பென்ஸின் எரிபொருள் பங்கீட்டுப் பெட்டிக்குள் அதே துகள் சிக்கினால், பம்பின் விலையைப்போலப் பலமடங்கு செலவு வரும்.

வடிப்பதன் அருமை தீவகத்துக்கு மறந்துபோகவும் இல்லை. அது தரையிலிருந்து கடலுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நம் சிறு வள்ளங்களின் எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியபோது அதன் அடி முதலில் விழுந்தது கடற்றொழிலாளர் மேல்தான். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகிற ஒவ்வொரு சொட்டு எரிபொருளும் கலங்களில் ஏறிக் கடல் கடக்க வேண்டியது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஊற்றும்போதும் நீர் புகலாம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. எஞ்சின் நின்றால் வள்ளம் நீரோட்டத்தோடு போய்விடும் என்பதால் படகோட்டி பில்ரரைத் திறந்து பார்க்கிறார், அடியில் நீர் நிற்கிறதா என்று தேடுகிறார். கார்க்காரர் பார்ப்பதில்லை, நின்றால் தெருவோரம்தானே என்ற துணிவு. தாம்போதியில் நின்ற காரின் பின்னால் இரவு பஸ் ஒன்று வந்தால் அந்தத் துணிவு செல்லாது.

அடுத்த மறுப்பு காசு பற்றியது. 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி மூடப்பட்டிருந்தது. அதனால் பழைய கார்கள் விலையேறின, பாகங்களும் ஏறின. அசல் போஷ் பம்பு வாங்க எல்லாராலும் முடியாது என்பது நியாயம். ஆனால் மூன்று வேலைகளில் மலிவானது வடிதான். அதை மாற்றத் தாங்கியை வெறுமையாக்க வேண்டும்; வெறுமையாக்கிய பின் கழற்றிக் கழுவ மேலதிகமாக ஆவது கொஞ்சக் கூலி. அந்த மலிவான பகுதியைத் தவிர்த்துவிட்டு விலைகூடியதை இரண்டுமுறை வாங்குவதில் சிக்கனம் எங்கே? காசு போதாதென்றால் முதலில் வடியையும் பில்ரரையும் மாற்றித் தாங்கியைக் கழுவுங்கள், பழைய பம்பு இன்னும் பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடக்கூடும். யப்பான் கார் ஒன்றின் பம்பைப் பூட்டிச் சமாளிக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை மூன்று பார் அளவில் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. காலையில் எஞ்சினை எழுப்பும், நண்பகல் வெயிலில் கைவிடும். இரண்டு பம்பு உள்ள காரில் ஒன்றை மட்டும் மாற்றுவதும் இப்படியே. வரிசையில் நிற்பவற்றில் களைத்த பம்பு புதியதன் வாயை அடைக்கும்.

வடியே அடைப்புக்குக் காரணம் என்று அதைப் பிடுங்கி எறிகிற கைவேலையும் நடக்கிறது. அன்றைக்குக் கார் அருமையாக ஓடும். பிறகு கறள்துகள் நேரே பம்பின் உருளைகளுக்குள் போய் உலோகத்தை உரசும். பம்புக்குப் பிறகு பில்ரர் இருக்கிறதே என்றால், அது பம்பைக் காப்பதற்கு வைத்ததில்லை. பம்புக்கு அப்பால் இருப்பவற்றைக் காப்பது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு கோளாறுக்கும் தாங்கியைக் கழற்றச் சொல்வதும் ஊகம்தான், பம்பைக் குற்றம் சொல்வது போலவே. ஆகவே அளக்க வேண்டும். இந்தப் பென்ஸ்களில் தாங்கிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு கலனில் விட்டால் 40 செக்கனுக்குள் ஒரு லீற்றர் வர வேண்டும். வந்தால் பம்பும் வடியும் குற்றமற்றவை. வேறு இடத்தில் தேடுங்கள். வராவிட்டால் பம்பின் முனையில் மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா, பம்பு ரிலேயின் ஈயப் பற்றில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வெடிப்பும் சூட்டில் காரை நிறுத்தும், ஆறியதும் ஓடவிடும். மின்சாரம் சரி, அளவு குறைவு என்றால்தான் தாங்கி. ஒரு கலனும் கடிகாரமும் போதுமான இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகம் வாங்க அனுப்புகிறவரிடம், ஏன் செய்யவில்லை என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

வேலை செய்யும் முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பற்றறி கழற்றப்பட்டிருக்க வேண்டும், திறந்த வெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் வெல்டிங் கூடாது. ஓட்டை விழுந்த தாங்கியை அலசிவிட்டோம் என்று நம்பிப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது. நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கி ஆபத்தானது. நிறைந்ததில் எரிய வேண்டிய ஆவிக்கு இடமில்லை, வெறுமையானதில் ஆவியும் காற்றும் வெடிப்பதற்கு ஏற்ற அளவில் கலந்து நிற்கும். தாங்கி கழற்றிய நாளிலேயே பழைய றப்பர்க் குழாய்களையும் பிடிவளையங்களையும் மாற்றிவிட வேண்டும். ஐந்து பாரில் வெடித்த குழாய் சூடான புகைபோக்கிக்கு மேல் பெற்றோலை விசிறும்.

இவ்வளவும் முடிந்தாலும் தாங்கியின் மூலைகளில் மிஞ்சிய கறள் முதல் சில நூறு கிலோமீற்றரில் வந்துகொண்டேயிருக்கும். வேலையோடு பூட்டிய புதிய பில்ரரை அந்தத் தூரம் ஓடிய பின் கழற்றி, உள்ளிருப்பதை வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இன்னொன்று போட வேண்டும். அந்த இரண்டாவது பில்ரரின் விலையையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதித் தருகிற கராச்சில் ஆனிக்கு முன் காரை விடலாம்.