மார்க் வீணாகாது

"இவ்வளவு மார்க்கை வச்சுக்கிட்டு அதைப் போய் எடுக்கிறதா? மார்க் வீணாப் போயிடும்."

இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்க்கிறேன். நான் முதலில் கேட்டது போட்டாதாங்கில், பெரியப்பா வீட்டில். கீழே தெருவில் தொங்கும் கயிற்றை இழுத்தால் மூன்றாம் மாடியில் மணி அடிக்குமே, அந்த மாதிரி வீடு. கடைசியாகக் கேட்டது போன மாதம், அதே வீட்டிலிருந்து வந்த போனில்.

முதல் தடவை அது அக்காவுக்காக. அக்கா என்றால் பெரியப்பா மகள். அவளுக்கு வரைபடம் என்றால் உயிர், புவியியல் படிக்க ஆசை. ஆனால் மெட்ரிக்கில் வாங்கிய மார்க் அதைவிடப் 'பெரிய' பாடத்துக்குப் போதுமானதாக இருந்தது. எந்தப் பாடம் முதலில், எது அடுத்து என்று படிவத்தில் வரிசை போட்டது பெரியப்பா. அக்கா கெமிஸ்ட்ரிக்குப் போனாள். ஹானர்ஸ் வகுப்பிலும் இடம் கிடைத்தது. பட்டமளிப்புப் படம் இன்னும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அக்கா இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். "கெமிஸ்ட்ரியில உனக்கு என்னக்கா பிடிச்சது?" என்று ஒருநாள் கேட்டேன். "ஹானர்ஸ் பிடிச்சது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தடவை அவளுடைய தம்பிக்காக. வெளிநாட்டில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெரிய பல்கலைக்கழகத்தில் வணிகவியல் ஹானர்ஸ் திட்டம். இன்னொன்று அவ்வளவு பேர் தெரியாத இடத்தில் நர்சிங். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணப் பொட்டலம் கட்டப் போன பையன் அவன். அங்கே ஒரு நர்ஸ் பக்கத்தில் நின்று கட்டுப் போடக் கற்றுக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அவன் பேசுவது அதைப் பற்றித்தான். வீட்டுக்கோ ஹானர்ஸ் என்ற ஒரு சொல் போதும். ஆம்பளைப் பிள்ளைக்கு நர்சிங்கா என்பது அதற்கு மேல்.

பெரியவர்களைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர்கள் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். 1988 முதல் 2000 வரை அந்த நாட்டில் பல்கலைக்கழகங்கள் பெரும்பகுதி காலம் மூடியே கிடந்தன. திறந்தபோதும் இளநிலை மாணவர்களை ஊருக்கு வெளியே இருந்த வளாகங்களுக்கு அனுப்பினார்கள். யாங்கோன் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்துக்கு அவர்கள் திரும்பியது 2013 டிசம்பரில், அதுவும் சிறு எண்ணிக்கையில்தான். அதற்கு முன்பே, 1982 குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்து இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று கார்டு கொடுத்தது. எந்த வாசல் எப்போது மூடும் என்று தெரியாமல் வளர்ந்தவர்கள், திறந்திருக்கிற வாசல்களில் உயரமானதைத்தான் பிள்ளைக்குக் காட்டுவார்கள்.

அங்கே ஹானர்ஸுக்கு உண்மையான பயனும் இருந்தது. ஹானர்ஸ் முடித்தவர் நேராக முதுகலைக்குப் போகலாம். சாதாப் பட்டம் வாங்கியவர் முதலில் ஒரு தகுதி வகுப்பைத் தாண்ட வேண்டும். ஆக, அவர்கள் கணக்கு அவர்கள் காலத்துக்குச் சரி.

என் சண்டை நம்மோடு. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் உட்கார்ந்துகொண்டு அதே கணக்கை நாம் ஏன் போடுகிறோம்?

முதலில், ஹானர்ஸ் என்பது ஊருக்கு ஊர் வேறு சரக்கு. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டங்களில் பெரும்பாலானவை ஹானர்ஸ்தான், எந்த வகுப்பில் தேறினீர்கள் என்பதுதான் அங்கே கேள்வி. ஆஸ்திரேலியாவில் பல பாடங்களில் மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு ஆய்வேட்டோடு வரும் நாலாவது வருடம் அது. முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கு அது முக்கியமான வழி. அமெரிக்காவில் பெரிய பல்கலைக்கழகத்துக்குள் சின்ன வகுப்பு, தனி விடுதி, முன்கூட்டியே பாடம் பதிவு செய்யும் சலுகை என்று ஒரு தனி வட்டம். இந்தியாவில் 2022 டிசம்பரில் யூஜிசி வெளியிட்ட விதிப்படி நாலு வருடம் படித்தால் ஹானர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்கள் ஆய்வோடு கூடிய ஹானர்ஸ் எடுக்கலாம். சொல் ஒன்று, சரக்கு நாலு. சொல்லை மட்டும் பார்த்து வாங்குகிறவரைக் கடைக்காரர் விடுவாரா?

அடுத்தது, மார்க் என்பது நடுநிலையான தராசு என்ற நம்பிக்கை. மியான்மரிலேயே பல வருடங்களாக மருத்துவப் படிப்பில் சேரப் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட அதிக மார்க் எடுக்க வேண்டியிருந்தது. தராசைப் பிடித்திருக்கும் கையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் போட்டாதாங்குக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1920 டிசம்பரில் ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். விடுதிக் கட்டாயம், கூடுதல் தயாரிப்பு வருடம் என்று விதிகளை அடுக்கி உயர்கல்வியைச் சிலருக்கு மட்டும் ஆக்குகிறீர்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அந்தப் போராட்டத்திலிருந்து தேசியப் பள்ளிகள் பிறந்தன. மாண்டலேயில் அப்படி ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தவர் ஊ ரசாக், இந்தியத் தகப்பனாருக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். பிறகு ஆங் சானின் அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். 1947 ஜூலை 19 அன்று ஆங் சானோடு அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அது நடந்த செக்ரட்டேரியட் கட்டடம் போட்டாதாங்கில்தான் நிற்கிறது. படிப்பைச் சிலரின் பதக்கமாக்கக் கூடாது என்று எழுந்த இயக்கத்தில் நம்மைப் போன்ற கலப்பு வீட்டுப் பிள்ளை ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நாம் பதக்கத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படியானால் ஹானர்ஸே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், உங்களுக்குப் பிடித்த பாடத்தில் இருந்தால். சின்ன வகுப்பு நல்லது. பேராசிரியரோடு உட்கார்ந்து ஒரு கேள்வியை ஒரு வருடம் துரத்துவது நல்லது. ஆனால் ஒப்புதல் பட்டனை அழுத்தும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். அந்தச் சின்ன வகுப்புகளை நடத்துவது யார்? ஆய்வேடு உண்டா, யார் வழிகாட்டுவார்? இடத்தைத் தக்கவைக்க எவ்வளவு மார்க் வேண்டும், தவறினால் உதவித்தொகையும் போய்விடுமா? இரண்டாம் வருடம் பாடம் மாற்ற முடியுமா? முடிந்தால், அந்தத் திட்டத்தை விட்டு வெளியே வந்த ஒருவரைத் தேடிப் பேசுங்கள். விளம்பரப் புத்தகத்தில் அவர் படம் இருக்காது.

எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு கேள்வி: ஹானர்ஸ் என்ற சொல்லை எடுத்துவிட்டால் இந்தப் பாடத்தை நான் எடுப்பேனா? இல்லை என்றால், நீங்கள் படிக்கப் போவது பாடத்தை இல்லை, உறவுக்காரர்களின் வாயை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவள். 2024 பிப்ரவரியில் மியான்மரில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வரை, பெண்களுக்கு 18 முதல் 27 வரை. இன்று போட்டாதாங்கில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த இடம் கிடைத்தாலும் அது முதலில் ஒரு வழி, பிறகுதான் படிப்பு. அவர்களிடம் போய் 'உன் மனசு சொல்வதைப் படி' என்று சொல்ல எனக்கு வாய் வராது. எது கிடைக்கிறதோ அதைப் பிடி, கிளம்பு என்றுதான் சொல்வேன்.

ஆனால் தம்பி கையில் இரண்டு இடம் இருக்கிறது. இரண்டுமே அவனை வெளியே கொண்டுவரும். அப்புறம் எதற்கு அக்காவுக்குச் செய்ததையே அவனுக்கும் செய்ய வேண்டும்? இதை நான் போனில் கேட்டேன். "சிங்கப்பூர்ல பிறந்தவ, உனக்கு என்ன தெரியும்" என்றார் பெரியப்பா. சரிதான், எனக்குப் பசியும் மூடிய வாசலும் தெரியாது. அக்காவைத் தெரியும்.

பர்மியில் ஹானர்ஸுக்கு இருக்கும் சொல்லில் முதல் பாதி நம்முடைய 'குணம்' என்ற சொல்லோடு ஒரே வேர். பெரியப்பாவுக்கு என்னைவிட நல்ல பர்மி தெரியும்.

மாதக் கடைசிக்குள் தம்பி பதில் அனுப்ப வேண்டும். பெரியப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மார்க் வீணாகாது பெரியப்பா, அது வாங்கின அன்றோடு வேலையை முடித்துவிட்டது. வீணாகிறது நாலு வருஷம். இந்தத் தடவை படிவத்தை அவன் கையில் கொடுங்கள்.